ஸ்கூட்டாரியின் சாக்கடை

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், பாஸ்பரஸ் நீரிணையைப் பார்க்க நிற்கிறது செலிமியே பாரக்ஸ். நீளம் 267 மீட்டர், அகலம் 200 மீட்டர். நடுவில் அணிவகுப்பு மைதானம், அதைச் சுற்றி நாற்புறமும் மாடிக் கட்டடம், மூலைக்கு ஒரு கோபுரம். மைதானத்துப் பக்கம் நெடுக நீண்ட தாழ்வாரம். அதையொட்டிச் சிப்பாய்களின் அறைகள்.

ஐரோப்பியப் பாணியில் தாம் உருவாக்கிய புதுப் படைக்காக சுல்தான் மூன்றாம் செலிம் 1800-ல் இதை மரத்தில் கட்டினார். அந்தப் படையை வெறுத்த பழைய காலாட்படையினரான ஜானிசரிகளின் கலகத்தில் அது எரிந்துபோயிற்று. இன்றைய கல் கட்டடத்தை எழுப்பியவர் சுல்தான் இரண்டாம் மகமூத்.

கிரிமியப் போரின்போது பிரிட்டிஷார் இதை மருத்துவமனையாக்கினார்கள். அவர்கள் வாயில் ஊர்ப் பெயர் ஸ்கூட்டாரி. 1854 நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர்களோடு வந்து இறங்கினார். அறைகள் நிரம்பி, தாழ்வாரங்களிலும் வரிசையாகப் படுக்கைகள் போட்டார்கள். காயத்தைவிடக் காலராவும் டைஃபஸும் வயிற்றுக்கடுப்பும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள்.

கேடு தரைக்கு அடியில் இருந்தது. கட்டடத்தின் கீழே ஓடிய சாக்கடைகள் அடைத்துக் கிடந்தன. காற்றடித்தால் கழிவறைக் குழாய்கள் வழியாக நாற்றம் மேலேறித் தாழ்வாரத்துக்கு வரும். ஜன்னல்கள் போதாமல் அது வெளியேறவும் வழியில்லை. மார்ச்சில் மருத்துவர் ஜான் சதர்லேண்டும் பொறியாளர் ராபர்ட் ராலின்சனும் அடங்கிய சுகாதாரக் குழு வந்தது. தண்ணீர் வரும் கால்வாயில் ஒரு குதிரை செத்து அழுகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது இந்தக் குழுதான். சாக்கடைகளைக் கழுவிவிட்டார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூனில் இறப்பு நூற்றுக்கு 2 பேராகக் குறைந்தது.

நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றே அன்று நம்பினார்கள்; கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம். காரணம் பிசகினாலும் வைத்தியம் பலித்தது. நைட்டிங்கேலைக் கைவிளக்கேந்திய காரிகை என்று கொண்டாடும் நாம், துடைப்பமும் மண்வெட்டியும் பிடித்துச் சாக்கடையைக் கழுவிய கூலியாட்களையும் சேர்த்தே கொண்டாட வேண்டும்.

நைட்டிங்கேல் அந்தப் பாடத்தை விடவில்லை. ஊர் திரும்பியதும் மாதவாரியான இறப்புக் கணக்கை வண்ண வட்டப்படமாக வரைந்து அரசின் முன் வைத்தார். நாற்புறமும் மூடிய முற்றக் கட்டடம் நோயாளிக்கு ஆகாது என்று வாதாடினார். இருபுறமும் ஜன்னல் வைத்த நீண்ட வார்டுகளைத் தனித்தனியே நிறுத்திக் கட்டும் முறை அவர் ஆதரவில் பரவியது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை 1871-ல் அப்படித்தான் எழுந்தது.