உணவை மாற்றும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னும் ஒரு பாட்டியம்மா மட்டும் கோயில் தாழ்வாரத்தில் காத்திருந்தார். இடுப்பில் பேரப்பிள்ளை.

"சாமி, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்றார்.

தூக்கினேன். பதினாறு மாதக் குழந்தை. கையில் கனமே தெரியவில்லை.

"புடிச்சுக்கிட்டு நின்ன பிள்ளை, இப்ப நிக்கவே மாட்டேங்குது. வீட்டுல பால் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. மகனைக் கேட்டா, 'நம்ம சாமியே பிரசங்கத்துல சொன்னாரு'ன்னு சொல்றான்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. உண்மைதான், நான் சொல்லியிருந்தேன். முந்திய ஆண்டு திருநீற்றுப் புதன் பிரசங்கத்தில், "வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் காத்துவிட்டுச் சனிக்கிழமை இருமடங்கு இறைச்சி உண்பது தவமாகுமா? நாற்பது நாளும் இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் விட்டுவிட்டு, நம் பாட்டன்மார் உண்ட தீட்டாத அரிசிக்குத் திரும்பிப் பாருங்கள்" என்று முழங்கியிருந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் கூறி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. உணவை மாற்றியதில் எனக்கு நலம் கண்டது. எனக்கு நலமானது எல்லாருக்கும் நலம் என்று எண்ணிவிட்டேன். அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

அந்த வீட்டில் நடந்தது

பாட்டியம்மாவின் கணவர் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, படுக்கையில் கிடந்து இறந்தவர். தந்தையின் துன்பத்தைக் கண்ணாரக் கண்ட மகன், "என் வீட்டில் இன்னொருவருக்கு இந்தக் கதி வரக்கூடாது" என்று உறுதி பூண்டார். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் 'மேக்ரோபயாட்டிக்' என்னும் உணவுமுறையைக் கற்றுவந்து, விலங்குகளிடமிருந்து வரும் எதனையும் சேர்க்காத வகையில் அதனைக் கடைப்பிடித்தார். கருவுற்றிருந்த மனைவியும் அவ்வாறே உண்டார். குழந்தை பிறந்த பின் பால் வாங்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டபோதெல்லாம், என் பிரசங்கம் அவள் வாயை அடைத்திருக்கிறது.

இதில் யாரைக் குறை சொல்வது? மகன் கெட்டவர் அல்லர். அன்பினால் செய்தார். ஆனால் அன்புக்கும் அளவறியும் கண் வேண்டும்.

மேக்ரோபயாட்டிக் என்பது என்ன?

'மாக்ரோஸ்', 'பியோஸ்' என்னும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் இது; நீண்ட வாழ்வு என்று பொருள்படும். ஹூஃபெலாண்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர் தம் நூலுக்கு இந்தப் பெயரை வைத்தார். பிற்காலத்தில் ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவா (1893–1966) தம் உணவு நெறிக்கு இதனைச் சூட்டினார். அவருடைய மாணவர் மிச்சியோ குஷி அமெரிக்காவில் அதனைப் பரப்பினார்.

உணவில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் தீட்டாத தானியம். ஏறக்குறையக் காற்பங்கு காய்கறி. சிறு பங்கு பருப்பு வகைகளும் கடற்பாசியும். வெள்ளைச் சர்க்கரை அறவே இல்லை. ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று விழுங்க வேண்டும். இதுவே சுருக்கம். சிறிதளவு மீனுக்கு இம்முறையில் இடமுண்டு. மீனையும் பாலையும் தேனையும்கூட விலக்குவது வேறொரு நெறி. அதற்கு 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் தோழர்களும் 'வீகன்' என்று பெயரிட்டனர். தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். பாட்டியம்மாவின் மகன் இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

மேக்ரோபயாட்டிக் முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: உன் மண்ணில், உன் பருவத்தில் விளைவதை உண். அதே விதியை மறந்து, அவர் ஜப்பானியப் புளித்த சோயா விழுதையும் உலர்ந்த கடற்பாசியையும் பெரும் விலை கொடுத்துத் தபாலில் வரவழைத்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு எதிரே குடமுருட்டி பாய்கிறது. கொல்லையில் அகத்தியும் முருங்கையும் நிற்கின்றன!

நம் மண் அறிந்த உண்மை

தீட்டாத அரிசியின் பெருமை மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நெல்லின் உமியை நீக்கினால் கிடைப்பது தவிட்டோடு கூடிய அரிசி. அதனை இயந்திரம் மேலும் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடுகின்றன. அவற்றோடு நார்ச்சத்தும் பி1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதியும் போய்விடுகின்றன. வெள்ளை அரிசி நமக்கு, சத்து மாட்டுக்கு!

ஜாவாத் தீவில் 1890களில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். 'பெரிபெரி' நோயின் காரணம் விளங்க அதுவே வழிவகுத்தது. 1929இல் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. பழைய சென்னை மாகாணத்திலும் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே அந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஏட்டறிவு இல்லாத நம் பாட்டிமார் பெரிய அண்டாவில் நெல் அவித்தது எத்துணை ஞானம்!

தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் 1934இல் தோற்றுவித்த அகில இந்திய கிராமத் தொழிற்சங்கத்தின் செயலாளராயிருந்து, கைக்குத்தல் அரிசிக்காகவும் செக்கு எண்ணெய்க்காகவும் பனைவெல்லத்துக்காகவும் பாடுபட்டார்.

திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938இல் பிறந்தவர் வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். அரசு ஆராய்ச்சிப் பணியை உதறிவிட்டு, நோபல் அமைதிப் பரிசு பெற்ற பெல்ஜிய நாட்டுத் தொமினிக்கன் குருவாகிய தொமினிக் பீர் தொடங்கிய சமாதானத் தீவு நிறுவனத்தில், களக்காட்டுப் பகுதி உழவர்களிடையே அவர் பல ஆண்டுகள் உழைத்தார். மண்ணில் நஞ்சு இட்டால் சோற்றில் நஞ்சு வரும் என்பதைக் கடைசி மூச்சுவரை ஊர் ஊராகச் சொல்லி, 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அவர் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் முதலிய நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ரகங்களை மீண்டும் உழவர் கையில் சேர்த்தார்.

ஆகவே தீட்டாத அரிசி, பருப்பு, கீரை என்னும் பாதையில் நம் குடும்பங்கள் திரும்புவது நல்லதே. இதில் நான் பின்வாங்கவில்லை.

எங்கே தவறினோம்?

மறுநாளே குழந்தையைத் தஞ்சையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுசென்றனர். இரத்தத்தைச் சோதித்து, பி12 என்னும் உயிர்ச்சத்து மிகவும் குறைந்திருப்பதாக அவர் கூறினார். தாய்க்கும் அதே குறை. தாயிடம் இல்லாதது தாய்ப்பாலில் எப்படி வரும்?

இந்த பி12 எந்தக் கீரையிலும், எந்தத் தானியத்திலும், எந்தப் பருப்பிலும் போதிய அளவில் இல்லை. பழைய சோற்றிலும் கடற்பாசியிலும் உண்டு என்று சிலர் சொல்வதை நம்பியிருக்க முடியாது. பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் அது உண்டு. இல்லையேல் மாத்திரையாக உட்கொள்ள வேண்டும். வளர்ந்தவர்களின் ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. குழந்தைக்கு அந்த இருப்பு இல்லை.

1980களில் நெதர்லாந்து நாட்டில் மேக்ரோபயாட்டிக் குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்கும் பருவத்திலிருந்து அவர்களின் வளர்ச்சி பின்தங்குவதையும், பி12, டி உயிர்ச்சத்து, இரும்பு முதலியன குறைவதையும் கண்டனர். எண்ணெயும் மீனும் பாலும் சேர்க்குமாறு அறிவுரை கூறினர். பெரியவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. தானியம் மட்டுமே உண்ணும் ஓசாவாவின் கடும்நிலையைப் பின்பற்றிய ஓர் இளம்பெண் 1965இல் அமெரிக்காவில் உயிர் துறந்தார்.

இனி என் கதை. அந்தக் குழந்தையின் செய்தி கேட்டு நானும் சோதித்துக்கொண்டேன். சில மாதங்களாகப் பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு இருந்தது. சர்க்கரையின் விளைவென்று இருந்துவிட்டேன். எனக்கும் பி12 குறைவு! சர்க்கரைக்காக நான் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரையும் அச்சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும் என்று மருத்துவர் விளக்கினார். மேடையில் பேசிய வாய் அன்று பேசாமல் கேட்டுக்கொண்டது.

இன்னொரு தவறும் செய்தேன். தீட்டாத அரிசிதானே என்று முன்போலவே தட்டு நிறைய உண்டேன், சர்க்கரை இறங்கவில்லை. சோற்றைப் பாதியாக்கி, காயும் பயறும் கூட்டிய பிறகே இறங்கியது. தவிடு இருந்தாலும் அரிசி அரிசியே.

காந்தியடிகளும் தானியேலும்

காந்தியடிகள் 1912இல் தென்னாப்பிரிக்காவில் பால் அருந்துவதை விட்டார். பின்னர் கடும் நோயுற்றுத் தேறாமல், கஸ்தூரிபாயின் வற்புறுத்தலால் ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். அந்தத் தோல்வியை மறைக்காமல் தம் சுயசரிதையில் எழுதினார்.

விவிலியத்தில் தானியேலும் தோழரும் அரசனின் உணவை மறுத்து, மரக்கறியும் தண்ணீரும் கேட்டதை அறிவீர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? பத்து நாள் சோதித்துப் பாரும், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் என்றே தானியேல் கேட்டார். தாமே விரும்பி ஏற்றார்; அளவு வைத்தார்; சோதனைக்கு உட்பட்டார். நாங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தவர் பாட்டியம்மா ஒருவரே.

மாற விரும்புவோர்க்கு

முதலில் அரிசியை மாற்றுங்கள். ஒரே நாளில் அன்று. வாரம் இரண்டு வேளை எனத் தொடங்கி, வயிறு பழகியபின் கூட்டுங்கள். தீட்டாத அரிசியை இரவே ஊறவைத்தால் நன்றாக வேகும். உமியை மட்டும் நீக்கித்தரும் அரவை இயந்திரங்கள் இப்போது உள்ளன. கைக்குத்தல் என்ற பெயரில் பெண்களை மறுபடியும் உரலுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அரிசியோடு பயறும் பருப்பும் சேரட்டும். ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்பும். பாலை விடுவோர் கேழ்வரகு, எள், அகத்திக்கீரை இவற்றை மறவாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்கு ஒட்டும். உணவு முடிந்தவுடன் காப்பி குடித்தால் ஒட்டாது. உப்பை மிகுதியாகவும் தண்ணீரைக் குறைவாகவும் கொள்ளும் பழைய மேக்ரோபயாட்டிக் வழக்கம் நம் சித்திரை வெயிலுக்கு ஆகாது.

விலங்குணவு அனைத்தையும் விட எண்ணுவோர் பி12 மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர் தாமாக மருந்தை நிறுத்தக்கூடாது. கருவுற்ற தாய்மாரும், பாலூட்டுவோரும், சிறு பிள்ளைகளும் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் இம்முறைக்குப் போகவே வேண்டாம்.

வீட்டில் சமைப்பவரின் மனத்தையும் கேளுங்கள். என் சமையற்காரப் பெரியவர் முதல் வாரத்தில், "மோர் மிளகாய் மட்டும் வறுத்து வச்சிருக்கேன் சாமி" என்றார். சற்று யோசித்து, "அதுலயும் மோர் இருக்கே!" என்று தாமே தட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்று சிரித்தேன். ஒருவரின் விரதத்துக்காக இன்னொருவர் எவ்வளவு சுமக்கிறார் என்பது பின்னரே புரிந்தது. திருமண விருந்தில் ஏழைக் குடும்பத்தார் அன்போடு பரிமாறியதைத் தள்ளிவைத்து, அவர்கள் முகம் வாடுவதையும் கண்டிருக்கிறேன். நாம் தள்ளிவைக்கும் உணவு பிறரைத் தள்ளிவைப்பதாக முடியக்கூடாது.

குழந்தைக்கு ஊசி போட்டார்கள். பாலும் முட்டையும் திரும்பின. சில வாரங்களில் சுவரைப் பிடித்து நின்றது, பிறகு நடந்தது. தகப்பனார் சில மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம் மீதே கொண்ட கோபம் அது என்று நினைக்கிறேன். அவ்வீட்டில் இன்றும் மாப்பிள்ளைச் சம்பாச் சோறுதான். கடற்பாசி வருவதில்லை, கொல்லையிலிருந்து அகத்திக்கீரை வருகிறது. தகப்பனார் இன்றும் நனிசைவமே, மாத்திரையோடு.

அடுத்த தவக்காலத் தொடக்கத்தில் பாட்டியம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, இந்த வருசமும் சாப்பாட்டைப் பத்திப் பிரசங்கம் உண்டா?" என்றார். உண்டு என்றேன்.

"சொல்லுங்க, நல்ல விசயந்தான். பிள்ளைகளுக்கு மட்டும் தனியாச் சொல்லிப்புடுங்க."

அவ்வாறே சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.