போருக்குத் தப்பியவரும் அகதியின் வரையறையும்

அகதி என்னும் சொல்லுக்குப் போக்கிடம் அற்றவர் என்பது பொருள். எக்காரணத்தால் போக்கிடம் இழந்தார் என்று அச்சொல் வினவுவதில்லை. 1951ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கையோ அதனையே முதலில் வினவுகின்றது. இனம், சமயம், நாட்டினம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் நிமித்தம் துன்புறுத்தப்படுவோமென்று தகுந்த காரணத்தோடு அஞ்சுபவரே அதன்படி அகதியாவார். ஆள் பார்த்து விழாத குண்டுக்குத் தப்பியோடும் தாய்க்கு இவ்வரையறையுள் எளிதில் இடம் கிடைப்பதில்லை.

குண்டு மட்டுமே மக்களைத் துரத்துகின்றது என்று நாம் எண்ணலாகாது. 2011இல் சிரியாவில் தொடங்கிய போரில் மருத்துவமனைகள் அழிந்தன, பள்ளிகள் மூடப்பட்டன, கட்டாயப் படைச் சேவைக்கு அஞ்சியும் இளைஞர் வெளியேறினர். ஜெனிவா உடன்படிக்கையில் ஒப்பமிடாத லெபனான் என்னும் சிறு நாடு பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு இடமளித்தது. பின்னர் தளர்ந்து, 2015இல் புதிய பதிவுகளை நிறுத்துவித்தது. போருக்குத் தப்பி வருவோரைத் தனித்தனியே விசாரியாமல் ஏற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001லேயே விதி வகுத்திருந்தது. சிரியர் திரளாய் வந்த 2015இல் அவ்விதி உறங்கிற்று. உக்ரேனியர் வந்த 2022இல்தான் முதன்முறையாகச் செயலுக்கு வந்தது. இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

செல்வம் குன்றிய ஆப்பிரிக்க நாடுகளே 1969இல் வரையறையை விரிவாக்கி, படையெடுப்புக்கும் பொது அமைதியின் பெருங்குலைவுக்கும் தப்பியவரையும் அகதிகளென ஏற்றன.

இத்தகைய விரிவைத் திருமறையிலும் காண்கின்றோம். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்குட்படலாகாது என்கிறது உபாகமம் 23:3. அதே அதிகாரத்தின் 15, 16ஆம் வசனங்கள், தப்பிவந்த அடிமையை அவன் எஜமானிடம் ஒப்புவிப்பதைத் தடுக்கின்றன. ஏசாயா 16:3, 4இலோ புகலிடம் தேடி வருவோர் அந்த மோவாபியரே. அவர்களை மறைத்துக் காக்கும்படி அங்குக் கேட்கப்படுகின்றது. பழம்பகை அதற்குத் தடையாகக் கூறப்படவில்லை.

இந்தியாவும் ஜெனிவா உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. ஆயினும் 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பேரை ஏற்றது. 1983 முதல் இலங்கைத் தமிழரையும் ஏற்றது. ஏற்றது உரிமையினால் அன்று, அரசின் இரக்கத்தினால். ஆகவே, தமிழ்நாட்டின் முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பலர் இன்னும் குடியுரிமையின்றி வாழ்கின்றனர். அம்முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டது. அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தோர் சிலருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தில் இலங்கையின் பெயர் இல்லை.