காத்து ஏறலையா? வால்வைப் பாருங்க!

டாக்டர் சொல்லிவிட்டார்: "தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிங்க." நீங்களும் உற்சாகமாக, பையன் ஓட்டாமல் போட்டு வைத்திருக்கும் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுக்கிறீர்கள். இரண்டு சக்கரமும் சப்பிப் போய்த் தரையோடு தரையாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் பம்ப் இரவல் வாங்கி வருகிறீர்கள். பம்ப்பின் வாய் வால்வில் உட்காரவே மாட்டேன் என்கிறது! கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடித்தால் 'புஸ்...' பாதிக் காற்று வெளியேதான் போகிறது. பத்தே நிமிஷத்தில் தோள்பட்டை வலி. "போதும்டா சாமி" என்று சைக்கிளை மறுபடியும் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுகிறீர்கள்.

இங்கே உடற்பயிற்சியைக் கெடுத்தது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு சின்னப் பித்தளைத் துண்டு!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு சைக்கிளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கியது அம்பத்தூரில்தான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நாம் பார்த்து வளர்ந்த பெயர்கள் எல்லாம் அந்தக் கம்பெனியுடையவை. அம்பத்தூரில் இருக்கும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனைகூட, ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்தவர் பெயரைத் தாங்கியதுதான். சைக்கிளுக்கும் ஆரோக்கியத்துக்கும் இந்த ஊரில் அப்படி ஒரு பழைய உறவு!

ஆனால் அந்தக் காலத்தில் தெருவில் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி வால்வு. ஒரு பம்ப் இருந்தால் தெருவுக்கே போதும். இன்றைக்கு அப்படியில்லை. தாத்தா சைக்கிளுக்கு ஒன்று, பேத்தி சைக்கிளுக்கு ஒன்று, கியர் வைத்த சைக்கிளுக்கு இன்னொன்று என்று மூன்று வகை வால்வுகள் ஒரே வீட்டில் இருக்கின்றன.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

காற்று குறைந்த டயர் தரையில் அப்பிக்கொண்டே உருளும். அதே தூரத்துக்கு நீங்கள் கூடுதலாக மிதிக்க வேண்டும். மூச்சு வாங்கும், முழங்காலுக்குச் சிரமம். "எனக்கு வயசாயிடுச்சு, சைக்கிளெல்லாம் ஒத்துக்காது" என்று நினைத்துக்கொள்வீர்கள். வயசு அல்ல, டயர்தான் காரணமாக இருக்கலாம்! மழைக்காலத்து சி.டி.எச். ரோட்டுப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். வளைவில் திரும்பும்போது வண்டி ஆட்டம் காட்டும். பக்கத்திலேயே பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் இது விளையாட்டு இல்லை.

உங்கள் சைக்கிளில் எந்த வால்வு?

மூடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

1. பழைய 'வால் டியூப்' வால்வு: டன்லப் வால்வு, வுட்ஸ் வால்வு என்று இரண்டு பெயர்கள் உண்டு. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை டாக்டரான ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அந்தக் காலத்தை ஒட்டி வந்த வால்வு இது. அடியில் பருமனாக இருக்கும், நடுவில் ஒரு திருகு மரை, மேலே நுனி மெல்லிசாக இருக்கும். மரையைக் கழற்றினால் உள்ளே ஒரு கம்பி மாதிரித் துண்டு. அதன் பக்கவாட்டு ஓட்டையை மூடியபடி ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அதுதான் வால் டியூப். பம்ப் அடிக்கும்போது காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் காற்றே ரப்பரை அழுத்தி ஓட்டையை மூடிவிடும். ரப்பருக்குப் பதில் உள்ளேயே அடைப்பான் வைத்த வகையும் கிடைக்கிறது.

2. மோட்டார் வால்வு: இதற்கு ஷ்ரேடர் என்று பெயர். உங்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் இருப்பது இதேதான். அடி முதல் நுனி வரை ஒரே பருமன், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன். நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். நகத்தால் அழுத்தினால் 'உஸ்' என்று காற்று வரும்.

3. பிரெஸ்டா வால்வு: ஒல்லியான டயர் வைத்த வேக சைக்கிள்களில் அதிகம். 6 மில்லிமீட்டர் பருமன், நீளம் அதிகம். நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, ஒருமுறை லேசாகத் தட்டிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். அடித்ததும் மறக்காமல் முறுக்கிவிட வேண்டும். திருகைத் தளர்த்தாமல் எத்தனை முறை பம்ப் அடித்தாலும் காற்று ஏறாது!

அடாப்டர் எது வாங்கலாம்?

"அடாப்டர் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். வீட்டில் என்ன பம்ப், சைக்கிளில் என்ன வால்வு, இரண்டையும் சொல்ல வேண்டும்.

பம்ப்பின் வாய் பெரியது (மோட்டார் வால்வுக்கானது), சைக்கிளில் பிரெஸ்டா: வால்வின் தலையில் திருகுகிற சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். முதலில் குட்டித் திருகைத் தளர்த்திவிட்டு அப்புறம் மாட்டுங்கள். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வளையம் இல்லாவிட்டால் காற்று கசியும்.

அதே பம்ப், சைக்கிளில் பழைய வால்வு: பெரும்பாலும் அதே பித்தளை அடாப்டரே போதும். இரண்டின் நுனி மரையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீட்டில் இருப்பது பழைய கிளிப் பம்ப், சைக்கிளில் மோட்டார் வால்வு: இதற்கு அந்தப் பித்தளைத் துண்டு உதவாது. பம்ப் ஹோஸின் முனையை மோட்டார் வால்வுக்கானதாக மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று வகை சைக்கிள் இருந்தால், இரட்டை வாய் வைத்த, அழுத்தம் காட்டும் மீட்டரோடு கூடிய தரை பம்ப் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அடாப்டரைத் தேடி அலைய வேண்டாம். சந்தேகமா? வால்வை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டியூப் மாற்றும்போதும் அதே வகை வால்வாகக் கேளுங்கள். பருமனான வால்வு நுழையவில்லை என்று ரிம் ஓட்டையை வீட்டில் பெரிதாக்க வேண்டாம். ரிம் பலவீனமாகிவிடும்.

பெட்ரோல் பங்க் காற்று... ஜாக்கிரதை!

பங்க்கில் இருப்பது மோட்டார் வால்வுக்கான ஹோஸ். சைக்கிள் டியூபில் கொள்ளளவு ரொம்பக் குறைவு. சில நொடிகளில் நிரம்பி 'டமார்' என்று வெடிக்கலாம். காதுக்கும் கண்ணுக்கும் ஆபத்து. குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அடியுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ. என்ற எண்ணோடு அச்சாகியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. பழைய வால் டியூப் வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள். லேசாகத்தான் அமுங்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்று விரியும் என்பதால், முழுசாக நிரப்பிய சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள்.

இதையும் கவனியுங்கள்

* ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லையா? பஞ்சர் என்று ஓடுமுன் வால்வு நுனியில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில். வெயிலில் வெடித்துப் போன வால் டியூபை மாற்றினாலே போதும்.

* எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பதும், வால் டியூபை வாயில் ஈரமாக்கி மாட்டுவதும் பழைய பழக்கம். வேண்டாமே! தண்ணீர் எதற்கு இருக்கிறது?

* கழற்றிய மூடி, அடாப்டர், ரப்பர்த் துண்டு எதையும் தரையில் போடாதீர்கள். தவழும் குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

* பம்ப்பின் காலை மிதித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அடியுங்கள். இடுப்பு வலி உள்ளவர்கள் வீட்டில் வேறு யாரையாவது அடிக்கச் சொல்லலாம். தப்பில்லை.

* இதயக் கோளாறு, மூட்டு வலி, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மிதிக்கத் தொடங்குங்கள்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், தினம் அரை மணி. பிள்ளைகளுக்கோ தினமும் ஒரு மணி நேரம். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த சைக்கிள் வீட்டிலேயே இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வால்வு மூடியைக் கழற்றி, ஒன்றா, இரண்டா, மூன்றா என்று பார்த்துவிடுங்கள். ஒரு சின்னப் பித்தளை அடாப்டருக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளலாமா, சொல்லுங்கள்?