வெளியேறிய ஹீம் செய்யும் வினை

மாணவர்களே! இரத்தத்துக்குச் செந்நிறம் தருவது எது? சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கி நிற்கும் 'ஹீம்' என்னும் பொருளே. சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை அது ஆக்ஸிஜனைச் சுமக்கிறது. வெளியே வந்தால்?

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவச் சிவப்பணுவுக்குரிய மரபுக்கூறு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்போர் அறிவித்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறும் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் 120 நாள் வாழாமல் சில வாரங்களிலேயே உடைகின்றன. சிந்தும் ஹீமை ஹீமோபெக்சின் என்ற புரதம் பற்றிக் கல்லீரலில் சேர்க்கும். அப்புரதம் தீர்ந்துவிட்டால், எஞ்சிய ஹீம் இரத்தக் குழாயின் உட்சுவரைத் தாக்கும். சுவரில் அழற்சி தோன்றும், அணுக்கள் ஒட்டும், இரத்தம் உறையும், குழாய் அடைபட்டுக் கடும் வலி உண்டாகும்.

பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையுள்ளோருக்கு இந்நோய்ச் சோதனை செய்யும் தேசியத் திட்டம் 2023-இல் தொடங்கியது. சில துளி இரத்தமே போதும். உங்கள் தோழர் தயங்கினால், காரணத்தை நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்!