கணனி கேட்கும் கேள்வியை நாமும் கேட்கலாம்

"ஒரே யோசினை" என்ற பேச்சு எமது வீடுகளுக்குப் புதிதல்ல. 1991இல் புங்குடுதீவை விட்டு வெளியேறி இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்களில் அது கூடுதலாகவே கேட்கிறது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, பெருமூச்சு வருகிறது. தோட்டம் போனபின் தோட்டக்காரனுக்கு விடியப்புறம் எழும்புவதற்கே காரணம் இல்லாமற் போகிறது. இது பைத்தியமல்ல, சோம்பலுமல்ல. மெல்லிய மனச்சோர்வு, பதகளிப்பு என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான்.

பிரித்தானியாவில் இதற்குக் கணனி மூலமும் சிகிச்சை கொடுத்தார்கள். 'பீற்றிங் த புளூஸ்' என்ற கணனிப் பாடத்தை அந்நாட்டுச் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2006இல் சிபாரிசு செய்தது. மொத்தம் எட்டு அமர்வுகள். இன்று என்ன செய்தீர்கள், அப்போது மனதில் என்ன ஓடியது, அந்த எண்ணம் முழுதும் சரிதானா என்ற வழியில் பாடம் போகும். அடுத்த கிழமைக்குச் சிறு வேலையொன்றும் தரும்.

ஆனால் 2015இல் வெளிவந்த ஆய்வொன்று வேறு கதை சொன்னது. 691 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். வழமையான வைத்தியத்தோடு கணனிப் பாடமும் பெற்றவர்கள், நாலு மாதத்தில் மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேறவில்லை. எட்டு அமர்வையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சோர்ந்த மனிதன் பெட்டியின் முன் தனியே இருந்து எத்தனை நாள் பாடம் படிப்பான்? பின்னர் 2017இல் வெளிவந்த ஆய்வில், இதுபோன்ற இன்னொரு பாடம் படித்தோரை ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரித்து வந்தபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் கிராமத் தொண்டர்களையும் ஆசிரியர்களையும் இதற்குப் பயிற்றியது அதனால்தான். மனதை அமைதியாக்க இந்துக்கள் 'ஓம்' என்பதையும், கிறிஸ்தவர்கள் இயேசுவின் நாமத்தையும் மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சொல்லும் முறையையும் அவர் பயன்படுத்தினார்.

பங்கில் இருவர் இதைத் தொடங்கலாம். கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அதே நாளில் அதே வீட்டுக்குப் போங்கள். மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். ஒரு கீரைப்பாத்தி கொத்துவது, பின்னேரப் பூசைக்கு வருவது போல ஒரு வேலையை அவரே தெரிந்து கொப்பியில் எழுதட்டும். அடுத்த முறை அதையே முதலில் விசாரியுங்கள். உடனே புத்தி சொல்லத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். எம்மவருக்கு இதுதான் கஷ்டம். கணனிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சாகலாம் என்ற பேச்சு வந்தால் அடுத்த கிழமைவரை காத்திராதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.