வலி தெரியாத காலுக்கு ஒரு செருப்பு

சித்திரை வெயிலில் ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயிலில் தொடங்கி ஒரே நாளில் நவதிருப்பதியும் சேவிக்கிறவர்கள் கோயிலுக்குக் கோயில் செருப்பைக் கழற்றியாக வேண்டும். கல்தரை சுட்டதும் கால் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்தத் துள்ளல் வராது. ராத்திரி கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும்.

சூடாவது சில நாள்தான். அன்றாட நடையே அதைவிட ஆபத்து. இதை, அதேபோல் கால் மரத்துப்போகும் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்தவர், கொல்லிமலையில் 1914-ல் பிறந்து 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கால் வலித்தால் நாம் அறியாமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறு பக்கம் தள்ளுகிறோம். மரத்த கால் மாற்றாது. விரல்களுக்குப் பின்னாலுள்ள எலும்பு முனை ஒவ்வோர் அடியிலும் அதே சதையை இடிக்கும்; அங்கேதான் ஆறாத புண் விழும்.

ஆகவே செருப்பே மருந்தாயிற்று. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் எம்.சி.ஆர். என்ற ரப்பரைக் காலடியில் வைத்தார்கள். அதற்குள் நுண்ணிய காற்றறைகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கும்போது பாரம் பாதம் முழுக்கப் பரவுகிறது. அடியில் உடைமுள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி கூடாது, மேலே கிளம்பிக் குத்தினாலும் தெரியாதே. விரலிடுக்கு வார் கூடாது. குதிகாலைச் சுற்றி வார் வேண்டும். கைவிரலும் மரத்தவருக்குக் கொக்கியைவிட வெல்க்ரோ எளிது.

எல்லாம் சரி, பலர் போட மறுத்தார்கள். ஒரே அச்சிலான அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தே தெருவில் இருப்பவர்கள் நோயைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. கடைச் செருப்பு போலவே தோன்றுவதும் மருத்துவத் தேவைதான் என்பேன்.

போட்டுக்கொண்டால் பலன் பெரிது. ஏற்கெனவே காலில் புண் வந்த சர்க்கரை நோயாளிகளிடம் சென்னையில் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. 9 மாதத்தில், மெத்தென்ற உட்தளம் வைத்த செருப்பு அணிந்தோரில் 4 சதவீதம் பேருக்கே புதுப்புண். தங்கள் வழக்கமான செருப்போடு நடந்தோரில் 33 சதவீதம்.

இன்னொரு தடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வெளியே பத்திரமாக நடந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்களைக்கும் கொல்லைக்கும் நாள் முழுக்க வெறுங்காலோடு நடக்கிறாள். வீட்டுக்குள் போட அவளுக்குத் தனியாக ஒரு ஜோடி வேண்டும். பூஜையறை வாசலில் மட்டும் அதைக் கழற்றினால் போதும்.