மூலதனம்: பணமா, அதிகாரமா?

மூலதனம் என்றதும் எம்மிற் பலருக்கும் பணமே நினைவுக்கு வருகின்றது. ஆனால், பெட்டியில் பூட்டி வைத்த பணம் மூலதனம் ஆவதில்லை. தன் வயலைத் தானே உழுதுண்பவரின் கலப்பையும் மூலதனம் அன்று. பிறரின் உழைப்பைக் கூலிக்கு வாங்கி, அக்கூலிக்கு மேலான பெறுமதியைப் பெற்று, அதனை மீண்டும் முதலாக இடும்போதே பணம் மூலதனமாகின்றது. அது ஒரு பொருளன்று, மனிதருக்கிடையிலான உறவு என்பதே 1867இல் கார்ல் மார்க்ஸ் வெளியிட்ட 'மூலதனம்' நூலின் முதற்பாகம் உணர்த்தும் சாரம். அதே ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அவ்வுறவை விளங்கிக்கொள்ள எமது மலையகமே போதுமானது.

தேயிலைக்கு முன்னர் கோப்பி இருந்தது. உரிமைக்கு ஆதாரம் காட்டப்படாத காடுகளும் தரிசுகளும் முடிக்குரியவை என 1840ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்கே முடிக்குரிய காணிகள் விற்கப்பட்டன. பணமும் காணியும் கிடைத்தும் தோட்டத்துரைமாருக்கு ஆட்கள் கிடைக்கவில்லை. சொந்த வயலை உடைய கண்டிக் கிராமத்தவர் தோட்டத்திலேயே தங்கிக் கூலி வேலை செய்யப் பெரிதும் முன்வரவில்லை. வாழ வேறு வழியுள்ளவரிடம் மூலதனத்தின் கட்டளை செல்லாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, பஞ்சமும் கடனும் வாட்டிய தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் வேலை தொடங்குமுன்னரே கடனாயிற்று. அக்கடனைக் குறிக்கும் 'துண்டு' இன்றி வேறு தோட்டத்துக்குச் செல்வது அரிதாயிருந்தது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இன்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லையே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், சவுக்கு இல்லை. ஆயினும், குடியிருக்கும் லய அறை தோட்டத்துக்குரியது. அதனைச் சூழவுள்ள காணியும் தொழிலாளியுடையதன்று. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கத் தவறினால் 'அரைப்பேர்' மட்டுமே. பசியும் வீடின்மையும் பற்றிய அச்சமே இங்கு கங்காணியின் வேலையைச் செய்கின்றது.

உரிமையாளர் மாறினால் இந்நிலை மாறுமா? 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. துரையின் எசமானர் மாறினார். பெரட்டுக் களமும் லயமும் மாறவில்லை. நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிலாளர் முறையிட்டனர். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிக்கும் வல்லமை யாரிடம் உள்ளதோ, அவரிடமே அதிகாரம் உள்ளது.

சம்பள உயர்வு அவசியமானதே. அதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. எனினும், கூலி என்பது அவ்வுறவின் ஒரு பக்கம் மாத்திரமே. சொந்தக் காணியும் சொந்த வீடும் உள்ள தொழிலாளியே 'முடியாது' என்று சொல்லும் வலுவைப் பெறுவார். அன்று கண்டிக் கிராமத்தவரிடம் இருந்த அந்த வலு, மலையை வளமாக்கியவர்களின் சந்ததியினருக்கும் கிடைக்க வேண்டும் என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.